கதவுக்கு ஒரு நீதி, சாளரத்துக்கு ஒரு நீதியா?

சிங்கப்பூரின் பழைய அடுக்குமாடி வீடொன்றில் வாயிற்கதவு நைந்துபோனால் அரசின் உதவிக் கை நீளுகின்றது. அதே வீட்டில் சாளரம் நைந்து வீழ்ந்தால் சட்டத்தின் கை நீளுகின்றது. கதவுக்கு உதவிப்பணம், சாளரத்துக்குத் தண்டப்பணம். ஒரே சுவரின் இரு திறப்புகளுக்கு இப்படி இருவேறு நீதி வகுக்கப்பட்டிருப்பது ஏன் என்று கேட்போர் மிகச் சிலரே. கேட்கப்படாத காரணத்தாலேயே ஒரு முறை நியாயமாகிவிடாது. பழைய வீடுகளில் வாழும் எளியவர்களின் தலைமேலும், அவ்வீடுகளின் கீழே நடந்து செல்லும் எல்லாருடைய தலைமேலும் தொங்கும் கேள்வி இது. ஆதலின் இது வெளிப்படையாகக் கேட்கப்பட்டே ஆகவேண்டும்.

முதலில் கதவின் கதையைக் காண்க. 1960ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டி, இத்தீவின் குடும்பங்களுள் பெரும்பாலானவற்றைக் குடியமர்த்தியிருக்கின்றது. கட்டிய வீடுகள் முதுமை எய்துவதைக் கண்ட அரசு, அவற்றைப் புதுப்பிக்கப் பல திட்டங்களை வகுத்தது. அவற்றுள் ஒன்று 2007ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட இல்ல மேம்பாட்டுத் திட்டம். 1986 வரை கட்டப்பட்ட வீடுகளுக்கென்று முதலில் தோன்றிய அத்திட்டம், 2018இல் வெளியான அறிவிப்பின்வழி 1987 முதல் 1997 வரை கட்டப்பட்ட வீடுகளுக்கும் விரிவாக்கப்பட்டது. ஒரு புளோக்கில் தகுதி பெற்ற வீட்டாருள் 75 விழுக்காட்டினர் வாக்களித்து ஒப்பினால் பணி தொடங்கும்.

அத்திட்டத்தில் இருவகைப் பணிகள் உண்டு. பெயர்ந்த கான்கிரீட்டைச் செப்பனிடுதல், கழிவுநீர்க் குழாய்களை மாற்றுதல், மின்னாற்றலைக் கூட்டுதல், மூங்கிற்கழி செருகும் பழைய குழாய்களை நீக்கித் துணி உலர்த்தும் கொடிச் சட்டத்தைப் பொருத்துதல் ஆகியவை இன்றியமையாப் பணிகள். குடிமக்களின் வீடுகளுக்கு இவற்றின் முழுச் செலவையும் அரசே ஏற்கின்றது. குளியலறை, கழிப்பறைகளைப் புதுப்பித்தல், வாயிற்கதவை மாற்றுதல், இரும்புக் கதவை மாற்றுதல், குப்பை போடும் வாயின் மூடியை மாற்றுதல் ஆகியவை விருப்பப் பணிகள். இவற்றுக்கு வீட்டுக்காரர் செலுத்துவது ஒரு சிறு பங்கு. ஓரறை முதல் மூவறை வரையிலான வீடுகளுக்கு 5 விழுக்காடு. நாலறை வீட்டுக்கு 7.5, ஐயறை வீட்டுக்கு 10, அதனினும் பெரிய எக்ஸிக்யூட்டிவ் வீட்டுக்கு 12.5. எஞ்சியது பொதுப்பணம்.

இது பாராட்டத்தக்க ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. சிறிய வீட்டாரிடம் குறைவாகவும் பெரிய வீட்டாரிடம் கூடுதலாகவும் பங்கு கேட்பது அறத்தின்பாற்பட்டது. ஆனால் அந்தப் பட்டியலை மீண்டும் ஒருமுறை படித்துப் பாருங்கள். கதவு இருக்கின்றது. இரும்புக் கதவு இருக்கின்றது. குப்பை வாயின் மூடிகூட இருக்கின்றது. சாளரம் எங்கே? துணி உலர்த்தும் கொடிச் சட்டத்துக்கு முழுச் செலவும் அரசுடையது. அச்சட்டத்தின் அண்டையிலேயே தொங்கிக்கொண்டிருக்கும் பழங்கண்ணாடிக்கு அப்பட்டியலில் ஒரு வெள்ளிக்கும் இடமில்லை!

சாளரம் அரசின் கண்ணில் படவில்லை என்று எண்ணிவிட வேண்டா. நன்றாகவே பட்டிருக்கின்றது. வெளிப்புறம் திறக்கும் சாளரங்களில் அலுமினியத் தறையாணிகள் இருந்தால், அவற்றை நீக்கித் துருப்பிடிக்காத எஃகுத் தறையாணிகளைப் பொருத்தவேண்டும் என்று 2004ஆம் ஆண்டு சட்டம் வந்தது. தறையாணி என்பது, கடைக்காரர்களும் கைவினைஞர்களும் ரிவெட் என்று சொல்லும் சிறு ஆணியே. அந்த மாற்றத்தைச் செய்யாதவருக்கு 5,000 வெள்ளி வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கப்படலாம். பராமரிப்பின்மையால் சாளரம் கீழே வீழ்ந்துவிட்டால் அபராதம் 10,000 வெள்ளி வரை உயரும். ஓராண்டு வரை சிறையும் உண்டு. இரண்டும் சேர்ந்தும் வரலாம். 2012இல் மற்றொரு விதியும் வந்தது. சாளரக் கம்பிகள் பூட்டப்பட்டு, பெரியவர் ஒருவர் மேற்பார்வையிட்டால் அன்றி, இல்லப் பணிப்பெண்கள் சாளரத்தின் வெளிப்புறத்தைத் துடைக்கக் கூடாது என்பது அவ்விதி. ஆகவே சாளரம் ஆபத்தானது என்பதை அரசு அறியும். அறிந்திருந்தும், அதன் கையில் பிரம்பு மட்டுமே இருக்கின்றது.

ஆபத்து எவ்வளவு என்பதை ஒரு மாணவனே கணக்கிட்டு அறியலாம். அரை மீட்டர் அகலமும் ஒரு மீட்டர் உயரமும் ஐந்து மில்லிமீட்டர் கனமும் கொண்ட கண்ணாடிப் பலகையின் எடை 6 கிலோவுக்கு மேல். அதைச் சுற்றியுள்ள உலோகச் சட்டத்தின் எடை தனி. பத்தாவது மாடி ஏறத்தாழ 28 மீட்டர் உயரம் என்று கொள்க. காற்றின் தடையை ஒதுக்கிக் கணக்கிட்டால், அப்பலகை இரண்டரை நொடிக்குள் தரையைத் தொடும். தொடும்போது அதன் வேகம் மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல். இரண்டரை நொடியில் ஒரு முதியவர் அண்ணாந்து பார்க்கவும் நேரமிராது. பள்ளிப் பையைச் சுமந்து செல்லும் சிறுமிக்கு ஒதுங்கவும் நேரமிராது.

அது வீழ்வதற்கான காரணமும் மறைபொருளன்று. வெளிப்புறம் திறக்கும் சாளரத்தை அதன் நிலைச்சட்டத்தோடு பிணைப்பவை எஃகுத் தாங்கிகள். அத்தாங்கிகளைச் சாளரத்தோடு இறுக்குபவை தறையாணிகள். எஃகும் அலுமினியமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்க, உப்பும் ஈரமும் கலந்த கடற்காற்று இடையிலே புகுந்தால், அலுமினியம் தன்னை இழந்து எஃகைக் காக்கும். இது வேதியியல் விதி. ஆண்டுகள் செல்லச் செல்ல ஆணி வெண்பொடியாய் உதிரும். தலை மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒருநாள் மழைக்காற்றில் சாளரத்தை இழுத்துச் சாத்தும்போது அது கையோடு வாராமல் வெளியே போய்விடும். பக்கவாட்டில் நகரும் சாளரங்களின் குறை வேறு. அவற்றைத் தடுத்து நிறுத்தும் தடைக்கட்டைகளும், தடத்தைவிட்டு வெளியேறாமல் காக்கும் கோணப்பட்டைகளும் தேய்ந்தோ கழன்றோ போனால், சாளரம் தடம் புரளும். முதற்குறை வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. இரண்டாவது குறை, நாள்தோறும் சாளரத்தைத் தள்ளுபவருக்கும் பழகிப்போய்விடும்.

இங்கே ஒன்றைக் கருதவேண்டும். அந்த அலுமினிய ஆணியைத் தேர்ந்தவர் யார்? பல வீடுகளில் இன்றைய உரிமையாளர் அல்லர். வீடு கைமாறியிருக்கும், ஒருமுறையன்று, இருமுறை மும்முறை மாறியிருக்கும். என்றோ ஒரு குத்தகையாளர், அன்று வழக்கிலிருந்த ஆணியை அன்றைய வழக்கப்படி அடித்துவிட்டுச் சென்றிருப்பார். அன்று எவரும் அதைக் குற்றமென்று சொல்லவில்லை. இன்று அவ்வீட்டில் வாழ்பவர் அந்த ஆணியையும் சேர்த்தே வாங்கியவர் ஆகின்றார். பழுதைச் செய்தவர் ஒருவர். பழுதைச் சுமப்பவர் மற்றொருவர். அடிபடக் காத்திருப்பவரோ இவ்விருவரும் அல்லாத மூன்றாமவர்.

அந்த மூன்றாமவரே இவ்வழக்கின் உயிர்நிலை. வாயிற்கதவு பழுதானால் துன்பம் யாருக்கு? வீட்டுக்காரருக்கு. குளியலறை பழுதானால்? வீட்டுக்காரருக்கும், சில வேளைகளில் கீழ்வீட்டுக்காரருக்கும். சாளரம் பழுதானால் துன்பம், அவ்வீட்டுக்காரரின் பெயரைக்கூட அறியாத வழிப்போக்கருக்கு. உதவிக்குரிய பொருள் எது என்று தீர்மானிக்கப் பொதுநலம் அளவுகோலாகுமானால், பட்டியலின் தலைப்பில் நிற்கவேண்டியது சாளரம். தனி ஒருவருக்கு வசதி தரும் கதவுக்குப் பொதுப்பணம் கிடைக்கின்றது. பலருக்குப் பாதுகாப்புத் தரும் சாளரத்துக்குக் கிடைப்பதில்லை. இந்த அளவுகோல் தலைகீழாகப் பிடிக்கப்பட்டிருக்கின்றது.

தமிழாசிரியர்கள் அறிந்த ஒரு செய்தி இங்குப் பொருந்தும். இன்று நாவில் புழங்கும் ஜன்னல் என்னும் சொல் போர்ச்சுக்கீசியர் வழியாக வந்தது. பழந்தமிழர் அதைக் காலதர் என்றனர். கால் என்றால் காற்று. அதர் என்றால் வழி. காற்று வரும் வழி என்பதே அதன் பொருள். வழி என்பது எப்போதும் இருபுறத்தாருக்கும் உரியது. ஒரு புறம் வீடு, மறுபுறம் வெளி. வீட்டின் உட்புறம் உரிமையாளருடையது என்று விதி சொல்லட்டும். வெளிச்சுவருக்கு வண்ணம் பூசுவது நகர மன்றத்தின் கடமை என்றும் சொல்லட்டும். அவ்விரண்டுக்கும் நடுவே நிற்கும் காலதரை முழுமையாக ஒரு புறத்தாரின் தலையில் மட்டும் கட்டுவது எவ்வாறு பொருந்தும்? முகம் முழுவதையும் ஒருவர் பேணுவார், கண்ணை மட்டும் மற்றொருவர் பார்த்துக்கொள்ளட்டும் என்பது போன்றதன்றோ இது!

நிற்க. இக்கருத்தை மறுப்பவர்கள் சொல்லும் வாதங்களைப் புறக்கணித்தல் முறையாகாது. அவை வலிமையுள்ளவை, ஆகவே அவற்றை ஒவ்வொன்றாக எதிர்கொள்ளுதல் வேண்டும்.

முதல் வாதம்: “தன் வீட்டைப் பேணுவது அவரவர் கடமை. சோம்பியிருந்தவருக்குப் பொதுப்பணத்தைத் தந்தால், முன்பே சொந்தப் பணத்தில் சாளரத்தை மாற்றியவர் ஏமாளி ஆகிவிடுகின்றார்.” கேட்பதற்கு இனிய வாதம். ஆனால் இது கதவுக்கும் பொருந்துமே! சொந்தப் பணத்தில் கதவை மாற்றியவர் இல்லையா? குளியலறையைப் புதுப்பித்தவர் இல்லையா? அவர்கள் விருப்பப் பணிகளில் தமக்கு வேண்டாதவற்றை விலக்கிக்கொள்கின்றனர். அதனால் தம் பங்குப்பணம் மிச்சமாகின்றது. எவரும் ஏமாளி ஆனதாகப் புலம்புவதில்லை. கதவுக்குத் தடையாகாத வாதம் சாளரத்துக்கு மட்டும் தடையாவது எப்படி? மேலும், சோம்பல் வேறு, இயலாமை வேறு. சேமநிதியிலிருந்து மாதந்தோறும் வரும் தொகையைக் கொண்டு அரிசியும் மருந்தும் வாங்கி, மீதியை எண்ணி வைக்கும் முதியவரைச் சோம்பேறி என்று அழைக்க எவருக்கு உரிமை உண்டு? அவர் பெயரில் இலட்சக்கணக்கான வெள்ளி மதிப்புள்ள வீடு இருப்பது உண்மை. ஆனால் சுவரைச் சுரண்டிக் காசாக்கிக் கண்ணாடி வாங்க முடியுமா?

இரண்டாம் வாதம்: “தறையாணியை மாற்றுவது சிறு செலவு. சிறு செலவுக்குப் பெருந்திட்டம் எதற்கு?” எதிர்த்தரப்பின் வாதங்களுள் தலைசிறந்தது இதுவே. ஆணியை மட்டும் மாற்றினால் போதுமான வீடுகள் பல உண்டு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அங்கெல்லாம் முழுச் சாளரத்தையும் மாற்ற உதவி கேட்பது வீண்செலவு. ஆனால் ஆணி மட்டும் போதுமா, சட்டமும் சேர்ந்து நைந்துவிட்டதா என்பதைத் தீர்மானிப்பவர் யார்? எண்பது வயது மூதாட்டியா? சட்டம் வளைந்து, தாங்கி தளர்ந்து, ஓட்டைகள் அகன்றுவிட்ட சாளரத்தில் புதிய ஆணியை அடிப்பது, இற்றுப்போன துணியில் புதுநூலால் தைப்பது போன்றது. வீடு முழுவதும் உள்ள சாளரங்களை மாற்ற நேரும்போது அது சிறு செலவன்று, ஆயிரக்கணக்கான வெள்ளி. சிறு செலவா பெருஞ்செலவா என்பதே தெரியாத அச்சத்தில், பலர் ஒன்றுமே செய்யாமல் சாளரத்தைக் கயிற்றால் கட்டி வைத்துவிட்டு இருந்துவிடுகின்றனர். செலவு சிறியது என்பது உண்மையானால், அரசுக்கும் அது சிறியதுதானே?

மூன்றாம் வாதம்: “உதவிப்பணம் வந்தால் குத்தகையாளர் விலையை ஏற்றிவிடுவர்.” இந்த அச்சத்தில் உண்மை உண்டு. பணத்தைத் தனித்தனியே வீட்டுக்காரர் கையில் கொடுத்து, ஊரெல்லாம் சென்று பேரம் பேசுக என்று அனுப்பினால் அவ்வாறுதான் நடக்கும். ஆனால் இல்ல மேம்பாட்டுத் திட்டத்தில் கதவுகள் அவ்வாறு மாற்றப்படவில்லை. ஒரு வட்டாரத்தின் பல புளோக்குகளுக்கும் சேர்த்து ஒப்பந்தப்புள்ளி கேட்டு, மொத்தமாகப் பேசி, ஒரே விலையில் செய்யப்படுகின்றன. நூறு வீட்டுச் சாளரங்களை ஒருங்கே மாற்றுபவர் தரும் விலையைத் தனியொரு வீட்டுக்காரர் ஒருநாளும் பெற முடியாது. ஆக, விலையேற்றம் உதவியின் குற்றமன்று. உதவும் முறையின் குற்றம். முறையைத் திருத்தலாம், அதற்காக உதவியையே மறுப்பது, கொசுவுக்கு அஞ்சிக் குளத்தைத் தூர்ப்பது போலாகும்.

உதவும் முறை எவ்வளவு முதன்மையானது என்பதைப் பிறநாட்டார் பட்டறிவும் காட்டும். குளிர்நாடுகளில் பழைய சாளரங்களின் வழியே வீட்டின் வெப்பம் கசிந்து எரிபொருள் வீணாவதால், அவற்றை மாற்ற அரசுகள் உதவியதுண்டு. அமெரிக்காவில் 2023 முதல் 2025 முடியும்வரை, ஆற்றலை மிச்சப்படுத்தும் சாளரங்களுக்குச் செலவில் 30 விழுக்காடு, ஆண்டுக்கு 600 டாலர் வரை, வருமானவரியில் கழிக்கப்பட்டது. கதவுகளுக்கும் தனியே ஒரு வரம்பு இருந்தது. ஆனால் வரி கட்டுபவருக்குத்தானே வரிக்கழிவு? வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாத ஏழைக்கு அதனால் கிடைத்தது வெறுங்கை. கனடாவில் 2021இல் தொடங்கிய மானியத் திட்டம் சாளரத்துக்கும் கதவுக்கும் பணம் தந்தது. ஆனால் வீட்டுக்காரர் முதலில் தம் கைப்பணத்தைச் செலவிடவேண்டும். பணிக்கு முன்னும் பின்னும் வீட்டை மதிப்பிடச் செய்யவேண்டும். பின்னரே பணம் திரும்பி வரும். கையில் பணமுள்ளவரே பயன்பெறத்தக்க ஏற்பாடு அது. 2024இல் அதற்குப் புதிய விண்ணப்பங்கள் பெறுவது நிறுத்தப்பட்டது.

இவ்விரு படிப்பினைகளையும் வைத்துப் பார்த்தால், சிங்கப்பூரின் இல்ல மேம்பாட்டுத் திட்டமே மேலான வழி என்பது விளங்கும். இங்கே பணி முடிந்த பின்னர்தான் வீட்டுக்காரர் தம் பங்கைச் செலுத்துகின்றார். ரொக்கமாகச் செலுத்தலாம், தவணையில் செலுத்தலாம், மத்திய சேமநிதியிலிருந்தும் செலுத்தலாம். ஆனால் தாமாகச் சாளரம் மாற்ற முனைபவர் அதே சேமநிதியிலிருந்து ஒரு வெள்ளியும் எடுக்க இயலாது. வீட்டுப் புதுப்பிப்புச் செலவுக்கு அந்நிதியில் இடமில்லை. தம் உழைப்பால் சேர்ந்த பணம் கதவுக்காகத் திறக்கின்றது, சாளரத்துக்காகத் திறக்க மறுக்கின்றது! நல்ல வழி ஒன்று கண்முன்னே இருக்கின்றது. அவ்வழியில் சாளரத்துக்கு நுழைவு இல்லை என்பதே குறை.

அரசிடம் பணமில்லை என்று சொல்வதற்கும் இடமில்லை. 2020 நவம்பரில், ஓரறை முதல் மூவறை வரையிலான வீடுகளில் வாழ்வோர் மின்சாரமும் தண்ணீரும் மிச்சப்படுத்தும் பொருள்களை வாங்கப் பற்றுச்சீட்டுகள் தரும் திட்டம் தொடங்கியது. 2024 ஏப்ரலில் அது வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் வாழும் சிங்கப்பூர்க் குடும்பங்கள் அனைத்துக்கும் விரிந்தது. வீட்டுக்கு 300 வெள்ளி கிடைத்தது. குளிர்பதனப் பெட்டிக்கும் விளக்குக்கும் நீர்த்தெளிப்பானுக்கும் உதவி உண்டு. மூத்தோர் வழுக்கி விழாதிருக்கக் குளியலறையில் கைப்பிடிகளும் சறுக்காத தரைப்பூச்சும் அமைத்துத் தரும் திட்டம் 2012 முதல் நடைபெறுகின்றது. அதிலும் வீட்டுக்காரரின் பங்கு 5 முதல் 12.5 விழுக்காடுதான். முதியவர் வீட்டுக்குள் விழாமல் காக்கும் கருணை, அவர் வீட்டுச் சாளரம் வெளியே விழாமல் காக்கவும் முன்வர வேண்டாவா? குளிர்பதனப் பெட்டி ஒன்று பழையதாயிருப்பதால் எந்த வழிப்போக்கருடைய மண்டை உடைந்தது?

செய்யவேண்டியவை யாவை? அவை பலவல்ல, செய்ய இயலாதவையும் அல்ல.

ஒன்று: இல்ல மேம்பாட்டுத் திட்டத்தின் விருப்பப் பணிகளில் சாளரமும் சேர்க்கப்படல் வேண்டும். பங்குப்பணம் கதவுக்கு எவ்வளவோ அவ்வளவே. புதிய கணக்கு எதுவும் வேண்டா.

இரண்டு: சாளரச் சோதனை இலவசமாக வீடு தேடி வரவேண்டும். ஆணி போதுமெனில் ஆணி; தாங்கி வேண்டுமெனில் தாங்கி; முழுதும் நைந்திருந்தால் மட்டுமே முழுச் சாளரம். இதனால் வீண்செலவு என்னும் பேச்சுக்கே இடமிராது.

மூன்று: வாக்கெடுப்புக்காகச் சாளரம் காத்திருக்கலாகாது. கழிப்பறையைப் புதுப்பிக்க 75 விழுக்காட்டினரின் ஒப்புதல் கேட்பது சரி. அப்பணியின் இரைச்சலும் தூசும் எல்லாரையும் தாக்கும். ஆனால் ஆபத்தான சாளரத்தை அகற்ற அண்டைவீட்டாரின் வாக்கு எதற்கு? 1997க்குப் பின்னர்க் கட்டப்பட்ட வீடுகளுக்கு இத்திட்டமே இல்லை. அவற்றுள்ளும் கால் நூற்றாண்டைக் கடந்த சாளரங்கள் இருக்கின்றன. ஆகவே முதியோரும் குறைந்த வருமானமுடையோரும் எப்போது வேண்டுமானாலும் விண்ணப்பிக்கத்தக்க ஒரு தனிவழி வேண்டும்.

நான்கு: கட்டட, கட்டுமான ஆணையத்தின் அங்கீகாரம் பெற்ற சாளரக் குத்தகையாளருக்கே பணம் நேராகச் செல்லவேண்டும். வீட்டுக்காரர் முன்பணம் திரட்டும் நிலை கூடாது.

ஐந்து: தண்டனை நீடிக்கட்டும். இதை அழுத்திச் சொல்லவேண்டும். உதவி கேட்பது தண்டனையை நீக்குவதற்கன்று. தண்டனைக்கு நியாயம் சேர்ப்பதற்கே. உதவி வாயில்வரை வந்தும் வேண்டாவென்று தள்ளியவர்மேல் சட்டம் பாயுமானால், அப்போது அவருக்காகப் பரிந்து பேச ஒருவரும் இரார். உதவாமல் தண்டிக்கும் சட்டத்துக்கு மக்கள் அஞ்சுவர். உதவிய பின் தண்டிக்கும் சட்டத்தை மக்கள் மதிப்பர். அச்சத்துக்கும் மதிப்புக்கும் உள்ள வேறுபாட்டை வகுப்பறையில் நாள்தோறும் காணும் ஆசிரியர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் இதில் என்ன வேலை என்று கேட்கலாம். வேலை இருக்கின்றது. தமிழ் வகுப்பில் நற்குடிமகன் என்றும் அண்டை அயலார் என்றும் கட்டுரை எழுதச் செய்கின்றனர். மாணவர்களும் ஒற்றுமை, பொறுப்புணர்ச்சி முதலிய சொற்களை அடுக்கி எழுதி மதிப்பெண் பெறுகின்றனர். அச்சொற்கள் தாளைவிட்டு இறங்கி வீட்டுக்குள் நுழையட்டும். சாளரங்களை ஆண்டுக்கு இருமுறையேனும் சோதிக்கவேண்டும் என்பது விதந்துரைக்கப்படும் முறை. தாத்தா பாட்டியோடு வாழும் மாணவன் ஐந்து நிமிடம் ஒதுக்கி, சாளரத்தின் ஓரத்தில் நின்று, உடலை வெளியே நீட்டாமல், ஆணித்தலைகளைப் பார்க்கலாம். வெண்பொடி படிந்திருக்கின்றதா? சாளரத்தைச் சாத்தும்போது அது தொங்குகின்றதா, உரசுகின்றதா? நகரும் சாளரத்தின் தடைக்கட்டை தன் இடத்தில் இருக்கின்றதா? குறை கண்டால் தானே கைவைக்காமல் பெற்றோரிடம் சொல்லவேண்டும். அங்கீகாரம் பெற்றவரை அழைக்கச் செய்யவேண்டும்.

அதோடு அவன் கடமை முடிவதில்லை. தன் வட்டாரத்து நாடாளுமன்ற உறுப்பினருக்கு நல்ல தமிழில் ஒரு மடல் எழுதுவது எப்படி என்று கற்பித்தால், கடிதப் பயிற்சிக்கு அதனினும் சிறந்த பாடம் எது? தமிழ் இந்நாட்டின் ஆட்சிமொழிகள் நான்கனுள் ஒன்று. வாழ்த்துரைக்கவும் வரவேற்புரைக்கவும் மட்டும் அது ஆட்சிமொழி ஆகவில்லை. உரிமை கேட்கவும், முறைகேட்டைச் சுட்டவும், கணக்குக் காட்டி வாதாடவும் ஆகியிருக்கின்றது. பழஞ்சாளரத்தைப் பற்றித் தமிழில் வாதாடத் தெரிந்த மாணவன், நாளை எதைப் பற்றியும் வாதாடுவான்.

வீடமைப்பில் உலகுக்கு எடுத்துக்காட்டாய் விளங்குவதாகப் பெயர்பெற்ற நாடு இது. குடிசைகளிலிருந்தும் நெரிசலான கடைவீடுகளிலிருந்தும் மக்களை உயர்த்தி மாடியில் வைத்த பெருமை எவராலும் குறைக்கத்தக்கதன்று. ஆனால் உயரத்தில் குடியமர்த்தியவர்க்கு உயரத்தின் ஆபத்தையும் பகிர்ந்துகொள்ளும் பொறுப்பு உண்டு. குடிசையில் ஓலைத் தட்டி வீழ்ந்தால் எவரும் சாகவில்லை. பன்னிரண்டாம் மாடியில் சாளரம் வீழ்ந்தால் சாவு நேரலாம். அந்த வேறுபாட்டை உண்டாக்கியது உயரம். உயரத்தை உண்டாக்கியது அரசின் திட்டம்.

கதவு, வருபவரை வரவேற்பது. சாளரம், கீழே போகின்றவரைக் காப்பது. வரவேற்புக்கு உதவிப்பணம் தரும் அரசு, காப்புக்கும் தருதல் முறை. அபராதச் சீட்டு எழுதும் மேசையிலேயே உதவி விண்ணப்பத் தாளும் ஒன்று இருக்கட்டும். வீழ்ந்த பின் வழக்கு; வீழுமுன் உதவி. இவ்விரண்டனுள் எது முந்தியிருக்கவேண்டும் என்பதற்குப் பேரறிவு தேவையில்லை. அடுக்குமாடியின் அடியில் நடந்து செல்லும் எந்தக் குழந்தையின் தாயைக் கேட்டாலும் சொல்லுவாள்.